டேக்கிளுக்கு ஐந்து மதிப்பெண்

ரக்பி என்ற விளையாட்டின் மேல் அசரியாவுக்குப் பிரியம் வந்ததற்கு ஒரே காரணம்தான். மாவட்டத்தில் அதை ஆட ஆளில்லை.

அசரியா கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மெட்ரிக் பள்ளியில் இருபது வருடமாக பி.டி. மாஸ்டர். ஒரு காலத்தில் வாலிபால் ஆடியவர். முட்டி போனபிறகு விசில் ஊதுவதோடு நிறுத்திக்கொண்டார். அவருடைய மகள் கிறிஸ்டி அதே பள்ளியில் பிளஸ் டூ. கணக்கில் சுமார், அக்கவுண்டன்சியில் சுமாருக்கும் கொஞ்சம் கீழே. ஆனால் நகரத்தில் பேர்போன ஒரு கல்லூரியில் பி.காம். சேர்ந்தே தீருவது என்று அப்பாவும் மகளும் ஒரே பிடியாக இருந்தார்கள். மார்க்கை வைத்துக்கொண்டு அந்தக் கேட்டைத் தாண்ட முடியாது. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் தாண்டலாம். மாவட்ட அளவில் முதல் மூன்று இடங்களுக்குள் வந்ததாக ஒரு சான்றிதழ் காட்டினால் போதும்.

கால்பந்துக்கு முப்பது பள்ளிகள். கபடிக்குக் கேட்கவே வேண்டாம், அந்தப் பெண்களைப் பார்த்தாலே அசரியாவுக்கு நெஞ்சு படபடக்கும். ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து, போட்டிகளின் பட்டியலை விரல் வைத்துப் படித்தார். பெண்கள் ரக்பி, அணிக்கு ஏழு பேர், போன வருடம் கலந்துகொண்ட பள்ளிகள் மூன்று. மூன்று பள்ளிகள், மூன்று இடங்கள், தோற்றாலும் சான்றிதழ்! அன்று குடும்ப ஜெபத்தில் அவர் வழக்கத்தைவிட நீளமாக நன்றி சொன்னார். தன் பள்ளியும் சேர்ந்தால் நான்காகிவிடும் என்பது மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. கணக்கில் சுமார் என்பது அந்தக் குடும்பத்தில் பரம்பரை.

கோச் ஆவதற்கு ஒரு நாள் பயிற்சி முகாம் நடந்தது. காலையில் பந்தைப் பிடிப்பது, ஓடிக்கொண்டே பின்பக்கமாகத் தூக்கிக் கொடுப்பது. மதியம் பிரியாணி. அதற்குப் பிறகு டேக்கிள். பந்தோடு ஓடுகிறவளைத் தொடையோடு சேர்த்துக் கட்டிப்பிடித்துத் தரையில் சாய்ப்பதற்குத்தான் டேக்கிள் என்று பெயர். ரக்பி என்பதே அதுதான், மற்றதெல்லாம் அலங்காரம். அசரியா பிரியாணியோடு எழுந்துவிட்டார், சர்ச்சில் பாடகர் குழு ஒத்திகை இருந்தது. கோச் சான்றிதழைக் காலையிலேயே கொடுத்திருந்தார்கள், டேக்கிளைப் பற்றி ஒரு பக்க ஜெராக்ஸும் கொடுத்திருந்தார்கள். இரண்டும் கைக்கு வந்தபிறகு வெயிலில் உருண்டு புரள அவருக்கென்ன தலையெழுத்தா?

பள்ளியில் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்தார்கள். பன்னிரண்டு பேரும் சான்றிதழுக்காகத்தான் சேர்ந்தார்கள், அதை யாரும் மறைக்கவுமில்லை. பெற்றோர் கூட்டத்தில் ரோஹிணியின் அம்மா சாமுண்டீஸ்வரி எழுந்தார். சேலையூரில் பியூட்டி பார்லர் வைத்திருப்பவர், பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்புக்கு அட்மினும் அவர்தான். அந்தக் குரூப்பில் அவரை மீறி ஒரு குட்மார்னிங்கூடப் போக முடியாது.

"சார், எல்லாம் பொம்பளப் பசங்க. முகத்துல ஒரு கீறல் விழுந்தா யார் பொறுப்பு? ஓடட்டும், பந்து புடிக்கட்டும். ஒருத்தி மேல ஒருத்தி விழுறதெல்லாம் வேணாம்."

"டேக்கிள் இல்லாம ரக்பி இல்லையே மேடம்" என்று அசரியா ஒப்புக்குச் சொன்னார். உள்ளுக்குள் அவருக்கு அப்பாடா என்றிருந்தது. தெரியாததைச் சொல்லிக்கொடுக்க வேண்டிய கஷ்டம் தானாகவே விலகிப் போகிறதே.

"அத மட்டும் தியரியா நடத்துங்களேன்."

கூட்டம் முழுக்கத் தலையாட்டியது. ஒருவருக்குக்கூடச் சிரிப்பு வரவில்லை. நம் ஊரில் நீச்சலையே தியரியாக நடத்தி நூற்றுக்கு நூறு வாங்க வைத்துவிடுவார்கள், டேக்கிள் எம்மாத்திரம்?

அப்படித்தான் வெள்ளிக்கிழமைதோறும் டேக்கிள் டெஸ்ட் ஆரம்பமானது. கரும்பலகையில் கேள்வி இருக்கும்: 'டேக்கிள் செய்யும் முறையை ஐந்து குறிப்புகளில் விளக்குக. படம் வரைந்து பாகங்களைக் குறி.' கண் எதிராளியின் இடுப்பில் இருக்க வேண்டும். முட்டியை மடக்க வேண்டும். தலை எப்போதும் அவள் உடம்புக்குப் பக்கவாட்டில், ஒருபோதும் முன்னால் போகக் கூடாது. ஜெராக்ஸில் இருந்ததை அப்படியே பெண்கள் மனப்பாடம் செய்து, ஸ்கேல் வைத்துக் குச்சி மனிதர்களை வரைந்து, சிவப்பு மையில் அம்புக்குறி போட்டார்கள். தோளைக் குறிக்காமல் விட்டதற்கு ரோஹிணிக்கு அரை மார்க் குறைந்தபோது சாமுண்டீஸ்வரி பள்ளிக்கே வந்து சண்டை போட்டு அதை வாங்கிக்கொண்டு போனார். கிறிஸ்டிக்கு எல்லா வாரமும் ஐந்துக்கு ஐந்து.

மற்ற பயிற்சிகளைக் குறை சொல்ல முடியாது, அதையும் சொல்லிவிட வேண்டும். அசரியா ஆரஞ்சு கோன்களைக் கோலப்புள்ளி மாதிரி வரிசை பிசகாமல் வைப்பார். தரையில் விரித்த நைலான் ஏணியின் கட்டங்களில் பெண்கள் கால்மாற்றி ஓடுவார்கள். நான்கு நான்கு பேராகச் சாய்ந்த வரிசையில் ஓடிக்கொண்டே பந்தைக் கைமாற்றுவார்கள். தாளாளர் ஆண்டுவிழாவில் இதையே பாட்டுப் போட்டு ஒரு ஐட்டமாக வைத்தார். எதிரே ஆளே வராதவரை அந்த டீமை வெல்ல யாராலும் முடிந்திருக்காது.

கிறிஸ்டி மட்டும் ஒருநாள் பயிற்சி முடிந்து கோன் அடுக்கும்போது கேட்டாள். "அப்பா, ஒரே ஒரு தடவ நெஜமா விழுந்து பாக்கட்டுமா? எப்படி இருக்கும்னே தெரியல. பயமா இருக்கு."

"விழுறது ஈஸிம்மா. யார் வேணா விழலாம். பாயிண்ட்ஸ ஞாபகம் வெச்சிக்கிறதுதான் கஷ்டம்."

"பயந்தா பாயிண்ட் மறந்துடுமே."

"அதுக்குத்தான் வாராவாரம் டெஸ்ட்" என்றார் அசரியா. அந்தப் பதில் அவருக்கே ரொம்பப் பிடித்திருந்தது.

மாவட்டப் போட்டி அக்டோபரில் ஒரு சனிக்கிழமை காலை, பொத்தேரியில் ஒரு கல்லூரி மைதானத்தில் நடந்தது. அங்கே போய் இறங்கியபிறகுதான் அசரியா அணிகளை எண்ணினார். பல்லாவரம், மறைமலை நகர், அனகாபுத்தூர், தாம்பரம். மறுபடியும் எண்ணினார், மறுபடியும் நான்குதான் வந்தது.

அனகாபுத்தூர்ப் பெண்கள் குட்டியானை வண்டியில் நின்றுகொண்டே வந்திறங்கினார்கள். ஒருத்திக்கும் முட்டி முழுசாக இல்லை, எல்லாம் பழைய தழும்பு. அவர்களுடைய கோச் ஹில்டா முப்பதைத் தொடாத பெண், மாநில அணிக்கு ஆடியவர், ஒரு சின்னப் பள்ளியில் தற்காலிக வேலை. வெள்ளம் வடிந்தபிறகு அடையாற்றங்கரையில் தங்கிய வண்டல் மெத்தென்று இருப்பதால் அங்கேதான் பெண்களை விழப் பழக்குகிறாராம். மூன்று மாதம் விழுவதற்கு மட்டுமே, அதற்கப்புறம்தான் பந்து.

தாம்பரத்துப் பெண்கள் கோன் வைத்து வார்ம்-அப் செய்ததைக் கூட்டம் கைதட்டி ரசித்தது. ஹில்டா கைதட்டவில்லை. தாம்பரம் மோத வேண்டியது அவருடைய அணியோடுதான். நேராக அசரியாவிடம் வந்தார்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. உங்க பசங்க விழுந்து பழகியிருக்காங்களா?"

"எல்லாரும் அஞ்சுக்கு அஞ்சு மேடம்."

ஹில்டாவுக்கு அது புரியவில்லை, புரியவும் நியாயமில்லை. "பழகலன்னா சொல்லிடுங்க சார். தொடு ஆட்டமா ஆடிக்கலாம். கை பட்டா நின்னுடணும், அவ்ளோதான். பசங்களுக்கு அடிபடாது."

"அப்ப சர்டிஃபிகேட்?"

"அது நட்பு ஆட்டமாயிடும். சர்டிஃபிகேட் வராது."

அமைப்பாளரின் மேஜைமேல் உறுதிமொழிப் படிவம் கிடந்தது. 'என் அணியினர் அனைவரும் டேக்கிள் செய்வதிலும் பாதுகாப்பாக விழுவதிலும் முறையான பயிற்சி பெற்றவர்கள்.' அசரியா ஒருமுறை மைதானத்தைப் பார்த்தார். கிறிஸ்டி தலைமுடியை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். பிறகு பேனாவைத் திறந்து, பி.டி. மாஸ்டர்களில் யாருக்கும் வாய்க்காத அழகான கையெழுத்தில் போட்டுக்கொடுத்தார். ஏழு பெண்களின் கழுத்தையும் அடகு வைத்த அந்தக் கையெழுத்தில் துளி நடுக்கம்கூட இல்லை.

முதல் ஆட்டத்தில் மறைமலை நகர் பல்லாவரத்தை நாற்பதுக்குப் பூஜ்யம் என்று அடித்தது. அப்போது அமைப்பாளர் மைக்கில் ஒரு செய்தி சொன்னார். பதினொரு மணிக்கு மேல் மைதானம் கிரிக்கெட்காரர்களுக்கு, அதனால் மூன்றாம் இடத்துக்குத் தனி ஆட்டம் கிடையாது. தோற்ற இரண்டு அணிகளில் அதிகப் புள்ளி எடுத்த அணிக்கு மூன்றாம் இடம். இரண்டும் பூஜ்யமென்றால் குறைவாக அடிவாங்கிய அணிக்கு.

அசரியாவுக்கு உயிர் திரும்பி வந்தது. பல்லாவரம் எடுத்தது பூஜ்யம். ஆக, ஒரே ஒரு ட்ரை. எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தை ஒரே ஒரு தடவை தரையில் வைத்துவிட்டால் ஐந்து புள்ளி, மூன்றாம் இடம், பி.காம். "ஒண்ணு போதும்மா, ஒண்ணே ஒண்ணு!" என்று பெண்களிடம் சொன்னார். கிறிஸ்டியை அவர் விங்கில், அதாவது கடைசி ஓரத்தில் நிறுத்தியிருந்தார். பந்து அங்கே போய்ச் சேர்வதற்கு முன் மூன்று பாஸ் ஆக வேண்டும். தன் டீமில் எதிரி முன்னால் தொடர்ந்து மூன்று பாஸ் நடக்காது என்பது கோச்சுக்குத் தெரியாதா என்ன? மகள் மேல் ஒரு கை படாது, மகள் பெயர் மட்டும் லிஸ்டில் இருக்கும்.

முதல் பாதி ஏழு நிமிடம்தான். ஆனால் பார்த்தவர்களுக்கு அது தாங்கவில்லை. அனகாபுத்தூரில் ஷாயிஸ்தா என்று ஒரு பெண், குள்ளம், கட்டை, தோள் இரண்டும் நன்றாக அகன்றிருந்தன. பந்து வைத்திருக்கிற தாம்பரத்துப் பெண் யாராயிருந்தாலும் இரண்டாவது மூச்சுக்குள் தரையில் கிடந்தாள். அனகாபுத்தூர்க்காரிகள் பந்தோடு வரும்போதோ தாம்பரத்துப் பெண்கள் சிலையாக நின்றார்கள். ரோஹிணியின் உதடு அசைந்துகொண்டிருந்தது. பாயிண்ட்ஸைச் சொல்லிப் பார்க்கிறாள். இரண்டாவது பாயிண்ட் வருவதற்குள் ஷாயிஸ்தா கோட்டைத் தாண்டிவிட்டாள். மூன்றாம் தடவை பயத்தில் கண்ணை மூடிக்கொண்டு தலையை முன்னால் நீட்டி அவள் காலில் போய் விழுந்தாள் ரோஹிணி. எழுந்தபோது இரண்டு முழங்கையிலும் ரத்தம். சாமுண்டீஸ்வரி குடையோடு மைதானத்துக்குள் ஓடிவந்துவிட்டார், நடுவர் விசிலை ஊதி ஊதி அவரை வெளியே அனுப்பினார்.

"ரோஹிணி! தலை பக்கத்துலம்மா! மூணாவது பாயிண்ட்!" என்று அசரியா கத்தினார்.

இடைவேளையில் முப்பத்தைந்துக்குப் பூஜ்யம். இரண்டு நிமிடம் ஓய்வு. பெண்கள் தண்ணீர் குடிக்கும் சாக்கில் அழுதுகொண்டிருந்தார்கள். அசரியா அவர்களிடம் போகவில்லை. மைதானத்தைச் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய் ஹில்டாவின் முன்னால் நின்றார்.

"மேடம், நீங்க எப்படியும் ஜெயிச்சாச்சு. ஒரே ஒரு ட்ரை விட்டுக்குடுங்க. அந்த ஓரத்துல நிக்குதே, என் பொண்ணு. அவ சீட்டு இதுலதான் இருக்கு."

ஹில்டா முகம் சுளித்தார். "இத நீங்க கேக்கவே கூடாது சார்."

"தெரியும் மேடம். ஒரு அப்பாவா கேக்குறேன்." கையைக் கூப்பினார். பக்கத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த அனகாபுத்தூர்ப் பெண்கள் வாயில் தண்ணீரோடு அப்படியே பார்த்தார்கள்.

"உங்க பசங்க பயத்துல தலைய முன்னாடி குடுக்குதுங்க" என்றார் ஹில்டா. குரலில் கோபம் தெரிந்தது. "இன்னும் ஏழு நிமிஷம் இப்படியே போனா ஒண்ணுக்குக் கழுத்து போயிடும். அதனால எங்க பசங்கள மோத வேணாம்னு சொல்லப்போறேன். உங்க பொண்ணு ஓடுனா ஓடிக்கட்டும். சீட்டுக்காக இல்ல சார். நீங்க கையெழுத்து போட்டீங்களே, அதுக்காக."

அசரியாவுக்கு மற்றது எதுவும் காதில் விழவே இல்லை. 'ஓடிக்கட்டும்' என்பது மட்டும் விழுந்தது. தேங்க்ஸ் மேடம், தேங்க்ஸ் மேடம் என்று சொல்லிக்கொண்டே ஓட்டமாகத் திரும்பினார்.

இரண்டாம் பாதியில் அனகாபுத்தூர் இன்னும் நான்கு ட்ரை போட்டது. ஆனால் ஒருத்தியையும் கீழே தள்ளவில்லை. தாம்பரத்துப் பெண்கள் கையில் பந்து வந்தால் எதிரணி கூடவே ஓடியது, தட்டிப் பறித்தது, அவ்வளவுதான். கடைசி நிமிடத்தில் ஷாயிஸ்தா கையில் இருந்த பந்து தவறி உருண்டு நேராகக் கிறிஸ்டியின் காலடிக்கு வந்தது. கிறிஸ்டி எடுத்துக்கொண்டு ஓடினாள். அவளுக்கு நல்ல வேகம் உண்டு, ஏணியில் ஓடி ஓடி வந்த வேகம். முன்னால் இருந்தது ஷாயிஸ்தா ஒருத்திதான். அத்தனை பேரையும் சாய்த்த அதே ஷாயிஸ்தா. கிறிஸ்டி பல்லைக் கடித்துக்கொண்டு நேராக அவளை நோக்கி ஓடினாள்.

ஷாயிஸ்தா ஒதுங்கி நின்றாள். பஸ் கண்டக்டர் மாதிரி கையை நீட்டி வழியும் காட்டினாள். "போ க்கா, சீக்கிரம் போ. டைம் ஆவுது."

கோட்டுக்கு இன்னும் ஓர் அடி. யாரும் துரத்தவில்லை, சுற்றிலும் அனகாபுத்தூர்ப் பெண்கள் கையைத் தொங்கவிட்டு நின்றார்கள். அசரியா வெளியே நின்று குதித்தார். "வைம்மா! கீழ வை! வைடி!" சாமுண்டீஸ்வரியும் ரோஹிணியின் ரத்தத்தை மறந்துவிட்டுக் குதித்தார்.

கிறிஸ்டி நின்றுவிட்டாள். கோட்டைப் பார்த்தாள். ஷாயிஸ்தாவைத் திரும்பிப் பார்த்தாள். எதிர்ப்பக்கம் தலையைக் குனிந்து நின்ற ஹில்டாவைப் பார்த்தாள், கடைசியாகத் தன் அப்பாவைப் பார்த்தாள். அந்த சீட் அவளுக்கும் வேண்டும், அப்பாவுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு வேண்டும். பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பினாள். கோட்டுக்கு முதுகைக் காட்டி, ஷாயிஸ்தாவை நோக்கி ஓடினாள்.

"புடி! என்னப் புடி!"

"இன்னா க்கா இது?" ஷாயிஸ்தா மிரண்டுபோய் ஹில்டாவைப் பார்த்தாள்.

ஹில்டா ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார். "மெதுவா, ஷாயி. அவ தலை பத்திரம்."

தோள் படும் சத்தம் கேட்டது. ஷாயிஸ்தா அவள் தொடைகளைச் சுற்றி வளைத்து, பக்கவாட்டில் திருப்பி, பாரத்தைத் தன்மேல் வாங்கிக்கொண்டு அவளோடு சேர்ந்து சாய்ந்தாள். புழுதி எழுந்தது. பந்து உருண்டு வெளியே போனது. நடுவர் நீளமாக விசில் ஊதினார். ஐம்பத்தைந்துக்குப் பூஜ்யம். மூன்றாம் இடம் பல்லாவரத்துக்கு.

கிறிஸ்டி மல்லாந்து கிடந்தாள். கன்னமெல்லாம் மண். "இவ்ளோதானா?" என்றாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். "இதுக்கா பன்னெண்டு டெஸ்ட் எழுதினோம்?"

அசரியா மூச்சிரைக்க ஓடிவந்தார். "ஏன்டி திரும்பின? ஒரு அடிடி! ஒரே ஒரு அடி! அறிவிருக்கா உனக்கு?"

கிறிஸ்டி எழுந்து உட்கார்ந்தாள். சிரிப்பு போய்விட்டது. "அவங்க ஒதுங்கினாங்க. ஏன்ப்பா ஒதுங்கினாங்க? நீங்க போய்க் கேட்டீங்களா?"

"நானா? சேச்சே. நான் எதுக்கும்மா கேக்கப்போறேன்?"

ஷாயிஸ்தா பாவாடைத் தூசி தட்டுவதுபோல் டிராயரைத் தட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். அவளிடம் வம்பு எதுவும் இல்லை, சார் மறந்துவிட்டாரே என்று நிஜமாகவே நினைத்துவிட்டாள். "நீங்கதான சார் பிரேக்ல வந்து மேடம்கிட்ட கையெடுத்துக் கும்புட்டுகினு நின்னீங்கோ? நாங்கல்லாம் பாத்துகினுதான இருந்தோம்."

ஹில்டா வந்து கிறிஸ்டியின் முழங்கையைப் பார்த்து, தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுப் போனார். அசரியாவின் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

கேட்டுக்கு வெளியே பெற்றோர் கூட்டம் அதற்குள் அடுத்த கட்டத்துக்குப் போயிருந்தது. சாமுண்டீஸ்வரி போனும் கையுமாக நின்றார். "சார், வாள்சண்டைக்கு நம்ம டிஸ்டிரிக்ட்ல எத்தன டீம்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. அதுல முகத்துக்கு வலை போடுறாங்களாமே." அவர் பெண் இன்னும் பிளஸ் ஒன்தான், அவளுக்கு வருடம் இருக்கிறது. அசரியா பார்க்கிறேன் மேடம் என்றார். வாய் அதுபாட்டுக்குச் சொன்னது.

அப்பாவின் ஸ்கூட்டரில் ஏறும்போது கிறிஸ்டி எப்போதும் அவர் தோளில் ஒரு கையை வைத்துக்கொள்வாள், எல்.கே.ஜி.யிலிருந்தே அப்படித்தான். இன்று இரண்டு கைகளையும் பின்னால் கொண்டுபோய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிகளின் இரைச்சல். வண்டலூர் சிக்னலில் நின்றபோது அசரியா பாதி திரும்பினார்.

"உன் நல்லதுக்குத்தானம்மா கேட்டேன்."

"கேட்டதக்கூட விடுங்கப்பா. நானே அழுது உங்கள அனுப்பியிருப்பேனோ என்னவோ." அவள் குரல் உடைந்தது. "கேக்கலன்னு என் மூஞ்சியப் பாத்து சொன்னீங்களே."

அசரியாவுக்குக் காது மடல்கள் சுட்டன. அவமானமாக இருந்தது. இருபது வருடத்தில் எத்தனையோ பிள்ளைகளுக்குச் சட்டென்று பதில் சொல்லி வாயடைத்தவர்தான். இதற்கு ஒன்றும் வரவில்லை. விளக்கு பச்சையாகிப் பின்னாலிருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள், அவர் வண்டியை நகர்த்தினார்.